ஐலசா போட்டு ஒரு இன்டர்வியூ

எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாராவது சொன்னால் கோபம் பொத்துக்கொண்டு வரும். கேஸ் ஷீட் நானேதான் எழுதுவேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளைக்கூட வாசித்துவிடுவேன். பேசத்தான் வராது. முதல் சொல் வரும். அடுத்ததற்கு மனசு உட்கார்ந்து பஞ்சாயத்து பண்ணும். அதற்குள் எதிரே இருப்பவர் கிளம்பிப் போயிருப்பார்.

சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். வீடு கடலூருக்குப் பக்கத்தில், கடற்கரைக் குப்பம். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்க வேண்டும் என்பது படிக்கிற காலத்து ஆசை. கல்யாணத்துக்கு முன்பே வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தேன். அப்படி ஒரு ஆஸ்பத்திரியின் முதல் வீடியோ இன்டர்வியூவில் பெயரைச் சொன்னதோடு சரி, அப்புறம் திருதிருவென்று விழித்தேன். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு, அதுதான் கடைசி என்று மெயில் வந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். பள்ளிக்கூடத்தில் ஆங்கில வகுப்பு என்றாலே வயிற்றுவலி வந்துவிடுமாம் அவருக்கு. அவர்தான் வழி சொன்னார்.

"கரைவலை இழுக்கறப்ப பாத்திருக்கல்ல? ஒருத்தன் பாட்டு எடுத்துக் குடுப்பான், மத்தவங்க ஐலசா போடுவோம். எவனாச்சும் நடுவுல நின்னு யோசிக்கிறானா? யோசிச்சா வலை நின்னுடும் புள்ள. நீ இங்கிலீஷ எடுத்துக் குடு, நான் ஐலசா போடுறேன்."

"மூஞ்சப் பாரு" என்றேன். ஆனாலும் அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டோம். தன் துண்டின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார், மறுமுனை என் கையில்.

"ஐ ஆம் எ ஸ்டாஃப் நர்ஸ்."

"ஐலசா!"

"ஒர்க்கிங் இன் ஜெனரல் வார்டு."

"ஐலசா!"

அட, வந்துவிட்டது! இழுக்கிற வேகத்தில் பஞ்சாயத்துக்கு நேரமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்னா மச்சான், ஊட்டுக்குள்ளயே வலை போட்டுட்டியா?" என்றார். "இங்கிலீஷு மச்சான், ஜாஸ்தியா மாட்டுது" என்று இவர் பெருமையாகச் சொன்னார். பஸ்ஸில் புதுச்சத்திரம் தாண்டும்வரை உதட்டுக்குள்ளேயே பாடிக்கொண்டு போவேன். ஸ்லோகம் சொல்கிறேன் என்று நினைத்து ஒரு அம்மா ஜன்னல் சீட்டை விட்டுக் கொடுத்தார்.

வினை வார்டில்தான் வந்தது. கோயில் பார்க்க வந்த வடநாட்டுக்காரர் ஒருவர் காய்ச்சலோடு படுத்திருந்தார். "டாக்டர் வில் கம்" என்றேன், கணீரென்று. சொல்லிவிட்டு வழக்கப்படி நிறுத்தினேன். யாராவது ஐலசா போட்டால்தானே அடுத்தது வரும்? மனுஷன் டாக்டர் இப்போதே வருகிறார் என்று எழுந்து உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "ஆஃப்டர் லஞ்ச்" என்று நான் முடிப்பதற்குள் கூட இருந்த நர்ஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து கத்தினேன். "உன்னாலதான் மாமா! இப்ப பாதிப் பாதியா பேசுறேன். இன்டர்வியூக்கு ரெண்டு நாள்தான் இருக்கு, இத எப்படி மாத்துறது?"

"எதுக்கு மாத்தணும்? ஐலசாதான வேணும்? நான் இருக்கேன்ல" என்றார். இவ்வளவுதானா விஷயம் என்பது போல இருந்தது அவர் முகம்.

இன்டர்வியூ அன்று கடலுக்குப் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே, செல்போனுக்குப் பின்னால் எனக்கு மட்டும் தெரிகிற இடத்தில் நின்றுகொண்டார். திரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. கேள்வி வந்தது. நான் பாதி சொன்னேன். ஜன்னலில் அவர் உதடு அசைந்தது, சத்தமில்லாமல் ஐலசா. மீதியைச் சொன்னேன். அடுத்த கேள்வி, அடுத்த ஐலசா. மயங்கி விழுந்தவருக்கு முதலில் என்ன செய்வாய், கோபப்படும் உறவினரிடம் எப்படிப் பேசுவாய் என்று அந்தம்மா கேட்கக் கேட்க நான் இழுத்துக்கொண்டே போனேன். என் வாயா இது என்று எனக்கே ஆச்சரியம். நான் நிதானமாகப் பேசுவது தனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது என்றார் அந்தம்மா.

கடைசியாக, வேலை உனக்குத்தான், இரண்டு வருஷ ஒப்பந்தம், எப்போது வந்து சேர முடியும் என்று கேட்டார்.

"ஐ கேன் ஜாயின்" என்றேன். நிறுத்தினேன்.

ஜன்னலைப் பார்த்தேன். அவர் உதடு அசையவில்லை. கம்பியைப் பிடித்தபடி கீழே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

திரையில் அந்தம்மா, "ஹலோ? ஆர் யூ தேர்?" என்றார். இந்த மனுஷனை விட்டுவிட்டுப் போகத்தான் இத்தனை நாள் இவரையே ஐலசா போட வைத்தேனா?

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. மெதுவாக, இந்தத் தடவை சத்தமாகவே சொன்னார். "ஐலசா."

"நெக்ஸ்ட் மன்த், மேடம்" என்றேன்.

போனை அணைத்ததும் வெளியே ஓடினேன். அவர் முதுகில் ரெண்டு போட்டேன், அழுகையாக வந்தது. "ஏன் மாமா நடுவுல நின்னுட்ட? என் உயிரே போயிடுச்சு!"

துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"அந்த ஒரு இழுப்பு மட்டும் இழுக்க முடியல புள்ள" என்றார்.