தெலுங்குப் பத்தியில் ஏழு வரி அதிகம்

எங்கள் நைனா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளாகிய என் வணக்கம். வாங்கியதுமே இடப்பக்கத் தமிழ் எத்தனை வரி, வலப்பக்கத் தெலுங்கு எத்தனை வரி என்று உங்களில் சிலர் எண்ணிப் பார்த்திருப்பீர்கள். நைனாவோடு பழகியவர்கள் வேறு எப்படி இருப்பார்கள்?

நைனா ஆந்திரப் புத்தூருக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சிற்றூரில், ஒரு சாண் நிலமும் இல்லாத வீட்டில் பிறந்தவர். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டார். மாங்காய்க் காலத்தில் பங்காருபாளையம் மண்டியில் கூடை தூக்கினார். பிறகு அரசு கொடுத்த மேட்டு நிலத்தில் கல் பொறுக்கித் திருத்தி வேர்க்கடலை போட்டார். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் எங்கள் இருவரையும் அவரே ஆக்கிப் போட்டு வளர்த்தார். என்னை நகரியில் தமிழிலும், தம்பியைத் திருப்பதியில் தெலுங்கிலும் படிக்க வைத்தார். "ரெண்டு பக்கமும் நம்ம ஆளு ஒருத்தர் இருக்கணும்" என்பார்.

அவருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். தெலுங்கு பேசுவார், படிக்கத் தெரியாது. ஊருக்கு வருகிற காகிதமெல்லாம் தெலுங்கில்தான் வரும். அதற்காக ஒரு வழக்கம் வைத்திருந்தார். முதலில் காகிதத்தில் எத்தனை வரி என்று எண்ணிக்கொள்வார். பிறகு படிப்பவர் வரிக்கு வரி விரல் வைத்துப் படிக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் நைனாவின் கட்டைவிரல் ஒரு விரல்கணு நகரும். கணக்கு ஒத்துவந்தால்தான் கையெழுத்து.

என் கல்யாணப் பத்திரிகையையும் அவர் விடவில்லை. "தமிழ்ல பதினாறு வரி, தெலுங்குல பத்தொம்போது. அந்த மூணு வரியில இன்னா எழுதிக்கீற?" என்று அச்சுக்கடைக்காரரை மடக்கினார். அதில் மாப்பிள்ளையின் பெரியப்பா வாங்கிய பட்டங்கள் இருந்தன. "அப்போ நம்ம பக்கத்துப் பெரியப்பனுக்கு இன்னா கொறைச்சல்?" என்று தமிழிலும் மூன்று வரி சேர்க்க வைத்தார். ஊரில் அவரைச் சந்தேகப் பிராணி என்றார்கள். நானும் சேர்ந்து சிரித்தவள்தான். அந்தக் குணம் எனக்கும் ஒட்டிக்கொண்டிருப்பது இந்த மலரைத் தயாரிக்கும்போதுதான் தெரிந்தது.

பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரித்து, ஒரே சங்கதியைத் தமிழில் நானும், தெலுங்கில் திருப்பதியில் லாட்ஜ் வேலையில் இருக்கும் தம்பியும் எழுதுவதாக ஏற்பாடு. ஒரே ஃபைல் போனில் இங்கும் அங்கும் போய்வந்தது. நான் நான்கு வரி சேர்த்தால் தெலுங்கின் வால் அடுத்த பக்கத்துக்கு ஓடிற்று. நான்கு வரி எடுத்தால் தெலுங்கின் தலை என் தமிழுக்கு அடியில் வந்து உட்கார்ந்தது.

ஒருநாள் தம்பி போன் செய்தான். "அக்கா, ஆஸ்பத்திரி பத்தி எழுதின வரியெல்லாம் காணோம். நீ எடுத்துட்டியா?"

"எனக்குத் தெலுங்கு படிக்கவே வராது. நான் ஏன்டா எடுக்கறேன்?"

"யார்கிட்டயாவது குடுத்துப் படிக்கச் சொன்னியா?"

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. படித்தால் என்னவாம்? கடைசி நாட்களில் தான்தான் நைனாவைப் பார்த்துக்கொண்டதாக எழுதிவைத்திருக்கிறானோ? ஆஸ்பத்திரித் தரையில் பாய் போட்டுக் கிடந்தவள் நான். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு புத்தூர் அச்சுக்கடைக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பெண் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ரெண்டு பத்தியும் ஒரே ஓட்டம்கா. இது ரொம்பினா அதுக்கு வழியும். நீங்க என்டர் தட்டித் தட்டித் தள்ளிக்கினு இருந்திருக்கீங்க. தமிழ் முடியற எடத்துல ஒரு பிரேக் போட்டா, அதது அதது எடத்துல நிக்கும்." போட்டாள். நின்றது. யாரும் யார் வரியையும் எடுக்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். நான் எண்ணினேன். தெலுங்கில் ஏழு வரி அதிகம். படிக்கச் சொன்னேன். மனசுக்குள் படித்தவள் முகம் மாறிற்று. "இத உங்க தம்பி வாயால கேட்டுக்கோங்கக்கா" என்றாள். என் சந்தேகம் இரட்டிப்பானது.

தம்பியைப் புறப்பட்டு வரச் சொன்னேன். அடுத்த நாள் காலைப் பேருந்தில் வந்து அதே கடையில் என் எதிரே உட்கார்ந்தான்.

"படி. வெரல் வெச்சிப் படி."

படித்தான். அவன் எழுதியிருந்தது இதுதான்: "ஆபரேஷனுக்கு முன் தந்த காகிதத்தை நைனாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். உயிருக்கு ஆபத்து நேரலாம் என்று அதில் ஒரு வரி இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தாண்டிவிட்டேன். நைனா என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார். ஐந்தாம் நாள் போய்விட்டார். யாரிடமும் ஏமாறாதவரை நான் ஏமாற்றினேன்."

என் கட்டைவிரல் ஏழு கணு நகர்ந்திருந்தது. "தமிழ்ல எழுதினா நீ படிச்சிடுவ. எழுதாமயும் இருக்க முடியலக்கா" என்றான்.

ஆஸ்பத்திரியில் அந்தக் காகிதம் வந்த அன்று நான் நைனாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். காகிதத்தைக் கண்ணால் அளந்துவிட்டு, "பன்னெண்டு" என்று என்னிடம் மெல்லச் சொன்னார். தம்பி படிக்கப் படிக்கக் கணு நகர்ந்தது. படித்து முடித்தபோது கட்டைவிரல் பதினொன்றில் நின்றது. நைனா தம்பியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மீதி ஒரு வரி எங்கே என்று கேட்பார் என நினைத்தேன். "பேனா குட்றா" என்றார். வலியில் கணக்குத் தவறிவிட்டது என்றுதான் ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நைனாவுக்குத் தெரியும்டா" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி அச்சுக்கடை மேசையில் தலை கவிழ்ந்து அழுதான். அவனைச் சந்தேகித்ததற்காக நானும் அழுதேன்.

நைனாவுக்குச் சிகிச்சை தந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்த பங்காளிகளுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு எரிய விடாமல் சோறு கொண்டுவந்தவர்களுக்கும், ஒரு பிரேக் போட்டு இந்தப் பக்கத்தை நிறுத்திய அந்தப் பெண்ணுக்கும் எங்கள் நன்றி.

தம்பியின் ஏழு வரியையும் நான் தமிழில் எழுதிவிட்டேன். நான் கண்டதை அவன் தெலுங்கில் எழுதினான். இரண்டு பத்தியும் இப்போது வரிக்கு வரி சரியாக இருக்கின்றன. எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள், நைனா இருந்தால் பார்த்திருப்பார்.