வாசற்காலில் குறைந்த ஒரு முழம்

வேர்க்கடலையில் பால் பிடிக்கும் பருவத்தில்தான் காட்டுப்பன்றிகள் இறங்கும். ஆந்திர எல்லைக்குள் விஜயபுரத்துக்கு அருகில் எங்களுக்கிருக்கும் நிலம், என் மாமனார் கூலி வேலை செய்தே வாங்கியது. அதைக் காக்க அவர் வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியின் உரிமம் அவருக்குப் பின் என் பெயருக்கு மாறிற்று. குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, கோலால் இடிக்க வேண்டிய பழைய வகை. நாங்கள் ரவை போடுவதில்லை. சத்தத்துக்கே பன்றிகள் ஓடிவிடும்.

ஆனால் துப்பாக்கியின் மரக்கட்டையைக் கறையான் தின்றிருந்தது. குழலும் விசையும் மட்டும் திருப்பதியில், உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் இருந்தன. துப்பாக்கி முழுதாக இல்லாமல் சித்தூரில் உரிமத்தைப் புதுப்பிக்க முடியாது. புதுப்பிக்காவிட்டால் அந்த ஆண்டுக் கடலை பன்றிகளுக்குத்தான். புதுக் கட்டைக்கான விலையைக் கேட்டு நான் பையிலிருந்த பணத்தை எண்ணியதைக் கடைக்காரர் கவனித்தார்.

"மரம் உங்களுதா இருந்தா செலவு பாதி ஆயிடும்மா. செதுக்கி எடுத்துக்கினு வாங்க, நான் பொருத்தித் தரேன்" என்று அட்டையில் அளவு வரைந்து கொடுத்தார். அந்த அட்டைக்காக இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

மாட்டுக் கொட்டகையில் ஓர் உத்திரத் துண்டு கிடந்தது. யாரோ இடித்த பழைய வீட்டிலிருந்து மாமனார் மலிவாக வாங்கியதாம். புகையேறிக் கறுத்திருந்தது. தச்சு வேலையைப் புத்தகத்தில் மட்டுமே அறிந்த நான், இரவல் உளியோடு பிற்பகல்களில் உட்கார்ந்தேன். கல்லைச் செதுக்குவது போலிருந்தது. கட்டையின் வளைவு ஒருவாறு பிடிபட்ட நாளில் என் நாத்தனார் வந்தாள். அடுத்த தெருவில் புதுவீடு கட்டிக்கொண்டிருந்தவள்.

"இன்னா அண்ணி, மருதாணி வச்சிக்கினியா?" என்று மரத்தூளில் சிவந்திருந்த என் கையைப் பார்த்துச் சிரித்தாள். கீழே கிடந்த சிராய் ஒன்றை எடுத்துச் சொம்புத் தண்ணீரில் போட்டாள். அது நேரே அடியில் போய் உட்கார்ந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"அய்யோ, இது செம்மரம்! இத்த தூக்கிக்கினு திருப்பதி பஸ்ல போனீனா, துப்பாக்கி வராது. போலீசுதான் வரும்."

அந்தச் சாலையில் தமிழ் பேசினாலே பையைத் திறக்கச் சொல்வார்கள். செம்மரக் கடத்தலைப் பற்றி நாளிதழில் அன்றாடம் படிக்கிறேன். எங்கள் கொட்டகையில் கிடந்ததைத்தான் அறியவில்லை.

"கறுப்பு பெயிண்ட்டு அடிச்சிடலாமே" என்றார் என் கணவர்.

"பெயிண்ட்டு அடிச்சா கனம் கொறஞ்சிடுமா அண்ணா? கையில தூக்குனாலே தெரிஞ்சிடும்" என்றாள் நாத்தனார்.

புதுப்பிக்கும் கெடு நெருங்கிவிட்டது. வேறு மரம் வாங்க வழியில்லை. மறுநாள் காலையில் அவள் ஒரு தேக்குத் துண்டோடு வந்தாள். அதன் ஒரு முனையில் மஞ்சளும் குங்குமமும் இருந்தன. புதுவீட்டு வாசற்காலுக்குப் பூஜை போட்டு வைத்திருந்த மரம். பூஜைக்குப் பின் அதை வேறெதற்கும் அறுப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. நிலையின் இரண்டு கால்களையும் ஒரே அளவு குறைத்தால்தான் வாசல் சமமாக நிற்கும், இரண்டையும் குறைத்திருந்தாள். நான் பதறினேன்.

"வாசக்கால் வூட்டக் காக்குது, இது கடலக் கொல்லையக் காக்கப் போவுது. சாமி கோச்சிக்காது. எங்கண்ணன்தான் கோச்சிக்கும், ஒசரம் ஜாஸ்தி. குனிஞ்சி வரட்டும்!"

செம்மரத்தோடு போராடிய கைக்குத் தேக்கு வெண்ணெயாக இருந்தது. மஞ்சள் பூசிய முனையை மட்டும் நான் இழைக்கவில்லை; தோளில் பதியும் அடிப்பாகமாக அதை அப்படியே விட்டேன். திருப்பதி சாலையில் பேருந்தை நிறுத்திச் சோதித்த போலீஸ்காரர் கட்டையைக் கையில் தூக்கிக் கனம் பார்த்தார், உரிமத்தைப் படித்தார், மஞ்சளை முகர்ந்தார். "டேகே கதா, வெள்ளண்டம்மா" என்றார் தெலுங்கில், தேக்குதானே, போங்கம்மா என்று. கடைக்காரர் பொருத்தித் தந்தார். உரிமம் புதுப்பிக்கப்பட்டது. அந்த ஆண்டுக் கடலையை நாங்களே பிடுங்கினோம். முதல் மூட்டை நாத்தனார் வீட்டுக்குப் போயிற்று.

பாதி செதுக்கிய செம்மரம் கொட்டகையிலேயே இருக்கிறது. மாட்டுக் கயிறு மாட்டுகிறோம். புதுவீட்டு வாசல் ஒரு முழம் குட்டை. என் கணவர் போகும்போதெல்லாம் நெற்றியில் இடித்துக்கொள்கிறார். நான் குள்ளம், எனக்கு இடிக்காது. ஆனாலும் குனிந்துதான் நுழைகிறேன்.

"உனக்கின்னா அண்ணி, நிமுந்து வா" என்று உள்ளிருந்து கத்துகிறாள்.