ஒன்றாம் சானலில் இருந்த கோரஸ்

இதை நான் சொல்லியிருக்க வேண்டியது இரண்டு பேரிடம். அவர்களிடம் சொல்லவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. ராஜபாளையத்தில் ஒரு பள்ளியில் எனக்கு இயற்பியல் ஆசிரியர் வேலை. விடுமுறை நாட்களிலும் பள்ளி விட்ட பிறகும் ஒரு மாடி அறையில் ஒலிப்பதிவு செய்வேன். கடை விளம்பரம், கோயில் பாட்டு, திருவிழா அறிவிப்பு, எது வந்தாலும் செய்வேன். பத்து வருடம் என்னிடம் இருந்த, ஒலிகளைக் கலந்து தரும் பழைய மிக்சரில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குமிழ் உண்டு. எது எவ்வளவு திருகியிருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். பதிவுக்கு முன் எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் தொடங்குவேன்.

பிறகு ஒரு டிஜிட்டல் மிக்சர் வாங்கினேன். நான்கைந்து குமிழும், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடர்களும், ஒரு சின்னத் திரையும்தான். ஒரு சானலில், அதாவது ஒரு மைக்கின் வழியில், என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் பொத்தானை அழுத்தி அழுத்திப் பக்கம் பக்கமாகப் போக வேண்டும். கூட வந்த ஆங்கிலப் புத்தகத்தில் பாதியைக்கூட நான் படிக்கவில்லை. படித்தவன் என்ற திமிர். இதிலும் ஸ்லைடர்களை எல்லாம் கீழே இறக்கிக் கும்பிட்டால் போதும், மிக்சர் சுத்தமாகிவிடும் என்று இருந்தேன்.

ஒரு ஞாயிறு காலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் ராணுவத்தில் ஹவில்தார், லீவில் வந்திருந்தார். மனைவி மார்கழியில் கோயிலில் பாடுகிறவர். வானொலியில் குரல் தேர்வுக்கு ஒரு பாட்டு பதிந்து அனுப்ப வேண்டும்; கடைசி நாளுக்குப் பத்து நாள் இருந்தது. மனைவி அந்தத் தேர்வுக்காக இரண்டு வருடமாகப் பாட்டுக் கற்றுவந்தார்.

“எம் பொண்டாட்டி குரலுக்குப் பட்டாளத்துல எம்புட்டு ரசிகர் தெரியுமா சார்? நான் சொல்லிச் சொல்லியே!” என்றார் ஹவில்தார்.

“சும்மா கெடங்க. சார் என்ன நெனப்பாக” என்றார் மனைவி.

மின்விசிறியை நிறுத்தி, அவருக்கு ஹெட்போன் மாட்டிவிட்டுப் பதிவைத் தொடங்கினேன். சுருதிப்பெட்டி தனிச் சானலில் அசையாமல் நின்றது. அவருடைய குரல் நிற்கவில்லை. நீண்ட ஸ்வரம் ஒவ்வொன்றும் கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கி, அலைந்தது.

“சுருதி நிக்கலையேம்மா.”

மறுபடி பாடினார். மறுபடியும் அலைந்தது. மூன்றாவது முறை, நான்காவது முறை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எனக்கு எரிச்சல். பாட வராதவர்களை எல்லாம் யார் கிளப்பிவிடுகிறார்கள் என்று மனதுக்குள் திட்டினேன். ஆறாவது முறை அவரே நிறுத்தினார்.

“சார், காதுல இதை மாட்டுனா என் குரலே வேற மாதிரி கேக்கு. அதைக் கேட்டு அது பொறத்தால போயித்தான் நானும் தப்பா பாடுதேன். கழட்டிட்டுப் பாடட்டுமா?”

“ஸ்டுடியோவுல அப்படியெல்லாம் பாடக் கூடாது. பயம் உங்களுக்கு. மிஷின் பொய் சொல்லாதும்மா.”

“ஏட்டி, சார் சொல்லுதாருல்ல. செத்த நேரம் தண்ணியக் குடிச்சிட்டுப் பாடு” என்றார் ஹவில்தார். முன்பு இருந்த சிரிப்பு அவரிடம் இல்லை.

ஒன்பது முறை பாடினார். கடைசியில் குரல் கம்மி, கண் கலங்கிவிட்டது. இருந்தவற்றில் பரவாயில்லாததைக் கேசட்டில் ஏற்றிக் கொடுத்தேன். திங்கட்கிழமை தபாலில் போட்டுவிட்டார்கள்.

செவ்வாய் மாலை, செட்டியார்பட்டியிலிருந்து ஒருவர் திருவிழா அறிவிப்புப் பதிய வந்தார். “பக்தகோடிகளே” என்று அவர் தொடங்கியதும் அந்தக் கட்டைக் குரலும் அலைந்தது. “என்ன சார், தொட்டிக்குள்ள எறங்கிப் பேசுன மாதிரி இருக்கு” என்றார். அவரை உட்காரவைத்துவிட்டு ஒவ்வொரு பக்கமாகத் தேடினேன். குரல் மைக் செருகும் ஒன்றாம் சானலில் கோரஸ் போட்டபடியே இருந்தது.

முந்தைய வாரம் ஒரு பஜனைக் கேசட்டுக்கு, மூன்று பேர் பாடியதை ஒரு கூட்டமே பாடுவதுபோல் காட்ட நான் போட்டது அது. குரலுக்கு ஒரு நகல் எடுத்து, துளி நேரம் தாமதித்து, அந்தத் தாமதத்தையும் கூட்டிக் குறைத்து ஆட்டும். அப்போது நகலின் சுருதி ஏறி இறங்கும். ஆட்டத்தை அதிகமாகவே வைத்திருந்தேன். மின்சாரத்தை நிறுத்தினாலும் அந்த மிக்சர் கடைசியாக இருந்த நிலையை மறப்பதில்லை. ஸ்லைடரை இறக்கினால் ஒலி குறையும், கோரஸ் போகாது. புத்தகத்தின் நாற்பதாம் பக்கத்தில் எழுதியிருந்தது.

கடைசி நாளுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. ஹவில்தாரின் லீவும் முடியவில்லை. திரும்பப் பதிந்து அனுப்பியிருக்கலாம். சொல்லத்தான் புதன்கிழமை பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் மனைவி ஒரே ஸ்வரத்தை இழுத்து நிறுத்திப் பார்ப்பது கேட்டது. கொஞ்சமும் பிசகவில்லை. என்னைக் கண்டதும் நிறுத்தினார்.

“நீங்களே சொல்லுங்க சார், எங்க தப்புது? வீட்டுல பாடுனா சரியாத்தான் இருக்கு. மிஷின்ல தப்பாயிருது.”

ஹவில்தார் காபி கொண்டுவந்தார். “தங்கமான மனுசன்ட்டி. உனக்குன்னு வேலைய விட்டுட்டு வந்திருக்காரு.”

என் வாய் திறந்தது. “இன்னும் சாதகம் பண்ணணும்மா” என்றேன். படித்த ஆசிரியன், பொத்தான் பார்க்கத் தெரியாதவன் என்று ஊர் பேசும் என்ற பயம். அதற்குமேல் சொல்ல ஒரு காரணமும் இல்லை. காபியைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

தேர்வாகவில்லை என்று கடிதம் வந்ததைப் பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த வருட லீவில் ஹவில்தார் மட்டும் வந்தார். “அந்தப் பாட்டு இருந்தா ஒரு கேசட்டுல போட்டுத் தாங்க சார். அவ இப்ப வீட்டுலகூடப் பாடுறதில்ல. மார்கழிக்கும் போகல. கேட்டா, எனக்குச் சுருதி நிக்காதுங்கா.”

ஒன்பது பதிவும் என்னிடம் இருந்தன. எல்லாவற்றிலும் அதே ஆட்டம். ஒன்றைப் போட்டேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார்.

“எனக்கு நல்லாத்தான் இருக்கு சார். ஒருத்தி பாடுன மாதிரி இல்ல, நாலு பேரு சேந்து பாடுன மாதிரி இருக்கு. அது ஏன் சார்?”

கேள்வியே வந்துவிட்டது. பதில் ஒரு வரிதான். நான் மேசையைப் பார்த்தபடி, “அறையோட எதிரொலி” என்றேன்.

அவர் தலையாட்டினார். கேசட்டின் மேல் அவருடைய மனைவியின் பெயரை எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். நன்றி சொல்லிவிட்டு, அதைச் சட்டைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.