ஒரே ரேட்டு விறகு

நான் விறகு வாங்கும் பொறுப்பில் இருந்த சாயப்பட்டறையில் பாய்லர் சீமைக் கருவேல விறகில்தான் ஓடியது. மழை பிடித்தால் விறகு விலை ஏறும், வெயில் அடித்தால் இறங்கும். எங்கள் முதலாளிக்கு இந்த ஆட்டம் பிடிக்கவில்லை. விலை ஏற்ற இறக்கத்தைச் சமாளிப்பது பற்றிக் கோயம்புத்தூரில் ஒருநாள் வகுப்புக்குப் போய்வந்தவர், "வருசம் பூராவும் ஒரே ரேட்டுன்னு அக்ரிமென்ட் போட்டுரலாம்" என்றார். அது சரிப்படாது என்று சொல்லும் துணிச்சல் எனக்கில்லை. "அருமையான யோசனைங்க" என்று சொல்லும் துணிச்சல் இருந்தது.

குண்டடத்திலிருந்து எங்களுக்கு விறகு அனுப்பும் ஒரு அம்மாவை வரவழைத்தோம். சொந்தமாக நான்கு லாரி வைத்திருப்பவர். ஒப்பந்தத்தை இரண்டு முறை படித்தார்.

"டன்னுக்கு ரேட்டு மட்டுந்தானுங்களே, வேறொன்னும் இல்லீங்களே?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். முதலாளி என்னைப் பார்த்துக் கண்சிமிட்டினார். நானும் சிமிட்டிவைத்தேன்.

ஐப்பசி மழையில் எல்லா இடத்திலும் விலை ஏறியது, எங்களுக்கு மட்டும் ஏறவில்லை. முதலாளி மற்ற பட்டறைக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு ஆறுதல் சொன்னார். ஆனால் எங்களுக்கு வந்த விறகு சீறியது, புகைந்தது, எரிய மட்டும் மறுத்தது. ஸ்டீம் ஏறாமல் மெஷின்கள் நின்றன. டன் கணக்கில் நாங்கள் மழைத் தண்ணீரை வாங்கிக்கொண்டிருந்தோம்.

முதலாளி என்னிடம் ஈரம் பார்க்கும் மீட்டர் ஒன்றை வாங்கிவரச் சொன்னார். அடுத்த லோடுடன் அந்த அம்மாவே வந்தார். முதலாளி ஒரு கட்டையில் மீட்டரைக் குத்தி, நீதிபதி மாதிரி நீட்டினார்.

"பாருங்க அம்மிணி, இது விறகா, கொளமா?"

அவர் மீட்டரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, எங்கள் வேனில் ஏறிக்கொண்டிருந்த சாயமிட்ட துணியைப் பார்த்தார். அதற்கு நாங்கள் வாங்குவதும் எடைக்கு இவ்வளவு என்ற கூலிதான். அது சரியாகக் காயவில்லை என்பது முதலாளிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஏனுங்க, அந்தத் துணியிலயும் ஒருக்கா குத்திப் பாக்கலாங்களா?"

முதலாளி உடனே டீ சொன்னார்.

டீ ஆறுவதற்குள் ஒப்பந்தம் கிழிந்தது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை சந்தை விலை, ஈரத்துக்கு எடையில் கழிவு என்று அந்த அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முதலாளி தலையை மட்டும் ஆட்டினார்.

அடுத்த மழைக்கு, ஊரார் கொடுத்த விலையையே நாங்களும் கொடுத்தோம். முதலாளி ஒரு வாரம் யாரிடமும் போனில் பேசவில்லை. பாய்லர் நன்றாக எரிந்தது.