டப்பாப் படங்கள்

இன்று மருமகள் ‘சீரகம்’ என்று எழுதி வைத்த பாட்டிலைத் திறந்தால் சோம்பு மணத்தது. அந்த மணத்தோடு நான் போடிமெட்டுக்கு மேலே, எப்போதோ இடித்துவிட்ட எங்கள் ஏலத்தோட்டக் கூலியாட்கள் குடியிருந்த லயத்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கே, தோட்டத்து முதலாளி பங்களாவில் கழித்துப் போட்ட டப்பாக்களில்தான் அம்மா சாமான் வைத்திருந்தாள். மாட்டுப் படம் போட்ட பால்பவுடர் டப்பாவில் உப்பு, ரோஜாப்பூ போட்ட பிஸ்கட் டப்பாவில் மல்லி. மூன்றாம் வகுப்பு படித்த நான், அம்மா மெச்சுவாள் என்று, உள்ளே இருப்பதன் பேரைக் காகிதத்தில் எழுதி, படத்தின் மேலேயே ஒட்டிவிட்டேன்.

தோட்டத்தில் ஏலக்காய் எடுத்துவிட்டு மழையில் நனைந்து வந்த அம்மா டப்பாக்களைப் பார்த்தபடி நின்றாள்.

“மாட்டை எங்க ஒளிச்ச ஆத்தா? உப்புப் போடணுமே.”

அவளுக்கு எழுத்துத் தெரியாதது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“கிழிச்சிரவாம்மா?”

“வேணாம், எழுத்து அழகா இருக்கு. பக்கத்துல ஒக்காந்து நீயே எடுத்துக் குடு.”

அன்றிலிருந்து தினமும், பச்சை ஏலக்காய் மணக்கும் அந்தக் கையில் நான்தான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். எதில் எது இருக்கிறதென்று நாலே நாளில் அவளுக்குப் பழகியிருக்கும். ஆனாலும் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள்.