சித்தப்பா போன பத்து நாள் வகுப்பு

எங்கள் சித்தப்பா கார் மெக்கானிக். வடக்கே, அப்பாவுக்கு ஆபீஸில் கொடுத்த கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் எங்களோடுதான் இருந்தார். சத்தத்தை வைத்தே இன்ஜினில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். கார்புரேட்டர் போய், கம்ப்யூட்டர் வைத்த கார்கள் வரத் தொடங்கிய சமயம் அது. ஒர்க்‌ஷாப்பில் பழைய ஆட்களையெல்லாம் பத்து நாள் வகுப்புக்கு அனுப்பினார்கள். கடைசி நாள் பரீட்சை. தேறாதவர் இனி இன்ஜினைத் தொடக்கூடாது, வண்டி கழுவப் போக வேண்டியதுதான்.

கொடுத்த புத்தகமோ முழுக்க இங்கிலீஷ். சித்தப்பாவுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆபீஸ் பியூனான அப்பாவுக்குக் கையெழுத்தோடு சரி. பின்னால் என் படிப்பும் ஆறாவதோடு நின்றுபோயிற்று. ஆனால் அன்றைக்கு வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவள், நாலாவது படித்த நான் ஒருத்திதான். அந்தப் பெருமையை நான் விடுவேனா? சாயங்காலமானால் கட்டில்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வேன். சித்தப்பா தரையில்.

"மெதுவா படிங்க டீச்சரம்மா," என்பார்.

தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததைத் தாண்டுவேன். ஒருநாள் வெளியே சிநேகிதிகள் கூப்பிட, நீள நீள வார்த்தைகளாக இருந்த ஒரு பக்கத்தை, "இதுல ஒண்ணும் இல்ல சித்தப்பா" என்று திருப்பிவிட்டு ஓடினேன்.

பரீட்சையில், பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுகிறதா பார் என்று ஒரு காரைக் கொடுத்தார்கள். பழைய வண்டியென்றால், இன்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைப் பிடுங்கிப் பார்ப்பார்கள். வண்டி அணையாவிட்டால் சார்ஜ் சரி. இருபது வருஷப் பழக்கம், கை பிடுங்கிவிட்டது. கம்ப்யூட்டர் கருகிப்போயிற்று. வகுப்பெடுத்தவர் புத்தகத்தை விரித்து, அப்படிச் செய்யவே கூடாது என்றிருந்த பக்கத்தை எல்லார் முன்னாலும் இந்தியில் படித்துக் காட்டினாராம். நான் திருப்பிவிட்ட பக்கம் அது. எனக்கு அன்று அது தெரியாது. சித்தப்பாவுக்குத் தெரியும்.

"ஏன்டா, புத்தகத்துலயே போட்டிருந்துதாமே?" என்று கேட்டார் அப்பா.

"போட்டிருந்துது அண்ணா. பாப்பா படிச்சுக் காட்டத்தான் செஞ்சா. எனக்குத்தான் மண்டையில ஏறல."

"இன்ஜினோட பேசுற ஆளுக்கு ஒரு பக்கம் ஞாபகம் நிக்கலையா தம்பி?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா, நான் எல்லாத்தையும் படிச்சேன்," என்றேன் நான்.

சித்தப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து வண்டி கழுவப் போனார். திரும்பி வரும்போது கையில் பொட்டுக் கிரீஸ் இருக்காது. விரல்களெல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்திருக்கும்.

"சித்தப்பா கை இப்பதான் சுத்தமா இருக்கு," என்று சொல்லிச் சிரித்தேன். அவர் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பரீட்சையில் தோற்றாலும் அவருக்கு நல்ல வேலையாகத்தான் கிடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போனேன்.