முப்பத்தேழாம் எண்

கல்லூரி வகுப்பில் வாலுவின் எண் முப்பத்தாறு. பக்கத்தில் உட்கார்ந்த நண்பனின் எண் முப்பத்தேழு. காலையில் வருகை எடுக்கும் பொருளாதார ஆசிரியர் தலையை நிமிர்த்தாமல் எண்களை மட்டும் வாசித்துக்கொண்டே போவார். பாடம் நடத்துகிறாரா, தூங்குகிறாரா என்று கண்டுபிடிக்க முடியாத அவருக்குக் கொட்டாவி என்று பெயர் வைத்ததும் வாலுதான்.

நண்பனின் குரல் பெஞ்சைத் தாண்டாது. முதல் மாதமே, வந்தும் வராதவனாக அவனுக்கு ஒன்பது நாள் விழுந்தது. அதன்பிறகு வாலுவே அவனுக்கும் சேர்த்துக் குரல் கொடுத்தான். தனக்குத் தடித்த குரல், அவனுக்கு மெல்லிய குரல். நண்பன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான்.

நண்பன் வீட்டுக் கணினியில் இருவரும் ஒரு வலைப்பூ தொடங்கினார்கள். அளந்துவிட்டது வாலு, பிழை திருத்தித் தட்டியது நண்பன். முதல் பதிவு, கொட்டாவி எப்படி மூன்றாம் பெஞ்சுவரை பரவுகிறது என்பது பற்றி. வாசகர்கள் ஐந்து பேர். அதில் இரண்டு பேர் இவர்களே, ஒருவர் நண்பனின் அம்மா.

பருவ விடுமுறையில் நண்பனுக்குக் காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் அவன் இல்லை.

ஒரு மாணவன் இறந்துபோனது ஆசிரியருக்குத் தெரியும். அவன் எந்த எண் என்பதுதான் தெரியாது. கல்லூரி திறந்த அன்று வழக்கம்போல வாசித்தார்.

“முப்பத்தேழு.”

“உள்ளேன் ஐயா.”

மெல்லிய குரல். வாயை விட்டு வந்தபிறகுதான் வாலுவுக்கே தெரிந்தது. வகுப்பு மொத்தமும் திரும்பியது, ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஆசிரியர் குறித்துக்கொண்டு முப்பத்தெட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாளும் அந்தக் குரல் வந்தது. சொல்லாமல் விட்டால் அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தின மாதிரி இருக்கும் என்று பட்டது. பெஞ்சின் அந்த ஓரத்தில் யாரும் உட்காரவில்லை. சொல்லி முடித்ததும் வாலுவின் கண் தானாக அங்கே போகும், வாயைப் பொத்தும் கையைத் தேடி.

மூன்று மாதம் கழித்து வலைப்பூவில் எழுதினான்: ‘எங்கள் வகுப்பில் ஒருநாளும் தவறாமல் வருபவன் ஒருவன்தான். அவனுக்கு இனிமேல் காய்ச்சலும் வராது.’ திருத்த ஆளில்லாததால் பிழைகள் அப்படியே நின்றன. மாலையில் அதன் கீழே இரண்டு வரி வந்திருந்தது: ‘என் மகனுக்கு வருகை போதுமாம், தேர்வு எழுதலாம் என்று கல்லூரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. நீயா, தம்பி?’

வாலு பதிவை அழித்தான். அழித்தும் நிம்மதி இல்லாமல் மறுநாள் மதியம் போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டினான்.

நண்பனின் அம்மா திட்டவில்லை. கடிதத்தை எடுத்துக் காட்டினார். மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது.

“தப்பா வந்திருக்குன்னு அவங்க அப்பா தூக்கிப்போடச் சொன்னாரு. எனக்கு மனசு வரல. அவனுக்காக எப்படிப்பா சொல்லுவே?”

“அவன் மாதிரியே சொல்லுவேம்மா.”

“எனக்கு ஒரு தரம் சொல்லேன்.”

வாலு கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு மெல்ல, “இது அவன் குரல் இல்லையேப்பா,” என்றார்.

வாலு இன்னொரு முறை முயன்றான். அதே குரல்தான் வந்தது. உண்மையான குரலை நினைவில் துழாவினான். அவன் சிரித்தது தெரிந்தது, வாயைப் பொத்தியது தெரிந்தது, சத்தம் மட்டும் இல்லை. தினம் தினம் சொல்லிச் சொல்லி, அதன்மேல் தன் குரலையே பூசிவிட்டிருந்தான்.

“எனக்கு மறந்துபோச்சும்மா.”

“எனக்கு ஞாபகம் இருக்கு. நீ விட்டுடு. நீ சொன்னா எனக்கும் மறந்துரும்.”

மறுநாள் காலை. “முப்பத்தேழு.”

வாலு பல்லைக் கடித்துக்கொண்டான். ஆசிரியர் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினார்.

“முப்பத்தேழு வரலையா?”

“வரமாட்டான் சார்,” என்றான் வாலு, தன் குரலில்.

ஆசிரியர் காலியாக இருந்த ஓரத்தை வெகுநேரம் பார்த்தார். பேனா இறங்கவில்லை. வகுப்பு மூச்சுக் காட்டாமல் இருந்தது. அந்த அமைதியில் வாலு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், பெஞ்சைத் தாண்டாத ஒரு குரலுக்காக.